பழைய மடக்கு டிரெய்லர் வாங்குகிறீர்களா? பெயின்டை விடுங்கள், கீலைப் பாருங்கள்

பைக்கை ஏற்றிக்கொண்டு கிளம்பிய முதல் பயணத்தில் 40 கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை. பின்னால் வந்தவர் ஹெட்லைட்டை விட்டுவிட்டு அடித்துக் காட்டினார். ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால் டிரெய்லரின் இடது சக்கரத்திலிருந்து புகை. கிரீஸ் உருகி ரிம் முழுக்க வழிந்திருந்தது. பேரிங் எரிந்து, ஆக்சில் முனையையும் கடித்துத் தின்றுவிட்டது. பதிவு முடிந்து மூன்றே வாரம். புதுசாகக் கறுப்பு பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்த டிரெய்லர் அது. பெயின்டுக்குத்தான் காசு கொடுத்திருக்கிறேன் என்பது சாலையோரத்தில் உட்கார்ந்திருந்த நான்கு மணி நேரத்தில் புரிந்தது.

அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றி, கேட்டு, கெடுத்து, சரிசெய்து கற்றுக்கொண்டேன். பழுதுக்கு மட்டும் வாங்கிய விலையில் பாதிக்கு மேல் போயிற்று. நீங்கள் அந்தப் பாதியைக் கொடுக்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். ஒரு பைக்கோ இரண்டு பைக்கோ ஏற்றும், பிரேக் இல்லாத, வேலை முடிந்ததும் மடக்கிச் சுவரோரம் நிமிர்த்தி நிறுத்தக்கூடிய சின்ன டிரெய்லரைப் பற்றி மட்டும்தான் இங்கே பேச்சு.

1. தேடுவதற்கு முன் டேப்பை எடுங்கள்

விற்பனைப் படங்களைப் பார்க்கத் தொடங்குவதற்கு முன் நான்கு அளவுகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, உங்கள் பைக்கின் எடை. பெட்ரோல் நிரப்பி, பெட்டிகள் மாட்டிய நிலையில் உள்ள எடைதான் கணக்கு. ஒரு சாதாரண 350 சிசி வண்டி 190, 200 கிலோ வரும். நீண்ட பயணத்துக்கான பெரிய டூரிங் பைக்குகள் 350 கிலோவையும் தாண்டும். ஒற்றை பைக் மடக்கு டிரெய்லர்களில் சில அந்த எடைக்குச் செய்யப்பட்டவையே அல்ல.

இரண்டாவது, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள நீளம், கூடவே பின் டயரின் அகலம். டிரெய்லரில் தண்டவாளம் மாதிரி இருக்கும் குழிவான பாதையில் டயர் உட்கார வேண்டும். பழைய டிரெய்லர்களின் பாதை, மெல்லிய டயர் காலத்து அகலம். அகலமான பின் டயர் அதில் இறங்காமல் விளிம்பில் ஏறி நிற்கும். கட்டும்போது தெரியாது, முதல் மேட்டில் தெரியும்.

மூன்றாவது, உங்கள் கார் இழுக்கக்கூடிய எடை. காரின் கையேட்டில் பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஒரு எண், பிரேக் இல்லாததற்கு வேறொரு எண் இருக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது, சின்ன எண். காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் கொக்கி தாங்கும் கீழ்நோக்கிய பாரத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. அது பெரும்பாலும் கொக்கியின் பக்கத்துத் தகட்டிலேயே அடித்திருக்கும்.

நான்காவது, டிரெய்லரை வைக்கப்போகும் இடத்தின் கூரை உயரம், கதவு உயரம் இரண்டும். நிமிர்த்தி நின்றால் ஆளை விட உயரமாக நிற்கும். உள்ளே உயரம் இருக்கிறது, ஆனால் கதவில் நுழையவில்லை என்றால் மடக்கு டிரெய்லர் வாங்கியதற்கே அர்த்தமில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் தினமும் அதைப் பாதி விரித்து, படுக்கவைத்து, உள்ளே தள்ளி, மறுபடி நிமிர்த்துகிறார். அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்.

2. காகிதங்கள் முதலில், டிரெய்லர் பிறகு

நேரில் போவதற்கு முன்பே விற்பவரிடம் மூன்று படங்கள் கேளுங்கள்: பதிவுச் சான்று, தயாரிப்பாளர் தகடு, சட்டகத்தில் கொத்தப்பட்ட சேசிஸ் எண். மூன்றிலும் எண் ஒன்றாக இருக்க வேண்டும். தகடு ரிவெட் அடித்து ஒட்டியிருப்பதால் அதை மாற்றுவது சுலபம். கொத்திய எண்ணை மாற்றுவது கஷ்டம். அதனால் இரண்டையும் பார்க்க வேண்டும். படம் அனுப்பத் தயங்கினால் அந்த டிரெய்லரை மறந்துவிடுங்கள்.

லேசான டிரெய்லர்களுக்கான விதி நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் அதற்கே தனிப் பதிவு, தனி எண்பலகை. சில இடங்களில் இழுக்கும் காரின் எண்ணையே பின்னால் மாட்டினால் போதும். ஐரோப்பாவில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு மொத்த எடை 750 கிலோ என்பது எல்லை. அதைத் தாண்டினால் பிரேக் கட்டாயம். “எங்கள் பக்கம் இதற்குப் பதிவே கிடையாது” என்று விற்பவர் சொன்னால், அது அவர் வசிக்கும் இடத்துக்கு உண்மையாக இருக்கலாம். உங்கள் இடத்துக்கு உண்மையா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் பதிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பதிவே இல்லாத பழைய டிரெய்லரைப் புதிதாகப் பதிவு செய்யப் போனால் ஆய்வு, எடைச்சீட்டு, வாங்கிய ரசீது என்று வாரக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். பட்டறையில் கைப்படச் செய்ததென்றால் இன்னும் அதிகம். எனக்கு இந்த ஒரு வேலைக்கே ஆறு வாரம் ஆனது. அதுவரை டிரெய்லர் சும்மா நின்றது.

பதிவு இருக்கிறதோ இல்லையோ, விற்பனைக் கடிதம் ஒன்று கையெழுத்துடன் வேண்டும். தேதி, விலை, சேசிஸ் எண், இருவரின் பெயர், “கடன் பாக்கி எதுவும் இல்லை” என்ற வரி, இவ்வளவும் இருந்தால் போதும். மடிப்புக் கம்பிகள் எப்படிப் போகும், எந்தப் பூட்டு பின் (செருகும் இரும்பு ஊசி) எங்கே என்று சொல்லும் கையேடு இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். சின்ன விஷயம்போலத் தோன்றும். மாற்று உதிரிபாகத்தின் எண் அதில்தான் இருக்கும்.

காப்பீட்டில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. காரின் காப்பீடு, பின்னால் மாட்டிய டிரெய்லர் மற்றவர்களுக்கு ஏற்படுத்தும் சேதத்தை ஏற்கலாம். டிரெய்லருக்கே வரும் சேதத்தையும், அதன் மேல் கட்டியிருக்கும் பைக்குக்கு வரும் சேதத்தையும் ஏற்காமல் போகலாம். பைக்கின் காப்பீடு “ஓட்டும்போது” என்று மட்டும் சொல்லலாம். மூன்று கேள்விகளையும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் கிடைக்கும் “கவலைப்படாதீங்க சார்” இழப்பீடு கேட்கும் அன்று செல்லாது. உங்கள் ஓட்டுநர் உரிமத்தின் வகை டிரெய்லர் இழுக்க அனுமதிக்கிறதா என்பதையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள்.

3. பகலில் போங்கள், மடக்கச் சொல்லுங்கள்

இரவிலும் மழையிலும் போகாதீர்கள். ஈரமான இரும்பு எல்லாமே புதுசாகத்தான் தெரியும். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். டார்ச், கம்பித் தூரிகை, ஜாக்கி, ஜாக்கி நழுவாமல் தாங்கும் மரக்கட்டை, காற்றழுத்தமானி, பழைய துணி, இவற்றைக் கொண்டுபோங்கள்.

போனதும் முதல் வேலை: “ஒரு தடவை மடக்கிக் காட்டுங்கள், பிறகு விரித்துக் காட்டுங்கள்.” நீங்கள் தொடாதீர்கள், தள்ளி நின்று பாருங்கள். உரிமையாளரே சுத்தியலால் தட்டித் தட்டி பின்னைக் கழற்றினால், ஓட்டை இடம்பெயர்ந்திருக்கிறது, அதாவது சட்டகம் முறுக்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு பேர் தூக்கித்தான் மடக்க முடிகிறது என்றால் தூக்க உதவும் ஸ்பிரிங் போய்விட்டது, அல்லது கீல் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. பிறகு நீங்களே தனியாக மடக்கிப் பாருங்கள். விரல்கள் ஜாக்கிரதை. இந்த டிரெய்லர்கள் விரலைக் கத்தரிக்கோல் மாதிரி பிடிக்கும்.

இப்போது கீல்கள். சாதாரண டிரெய்லரின் சட்டகம் ஒரே துண்டு. மடக்கு டிரெய்லரின் சட்டகம் நடுவில் அறுந்து, சில போல்ட்டுகளால் ஒட்டி நிற்கும் ஒன்று. பைக்கின் எடை, சாலையின் குலுக்கல், பிரேக் போடும்போது வரும் தள்ளல், எல்லாமே அந்த விரல்மொத்த போல்ட்டுகள் வழியாகத்தான் போகின்றன. ஆகவே:

டிரெய்லரை விரித்து, எல்லாப் பூட்டுகளும் போட்ட நிலையில், பின்முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். இன்னொருவர் கீலின் மேல் விரல் வைத்துப் பார்க்கட்டும். “டக் டக்” என்ற ஆட்டம் இருந்தால் போல்ட் தேய்ந்திருக்கிறது, அல்லது அது போகும் ஓட்டை வட்டத்திலிருந்து முட்டை வடிவத்துக்குப் போயிருக்கிறது. போல்ட் தேய்மானம் சில்லறைச் செலவு. முட்டை ஓட்டை அப்படியல்ல. அதை அடைத்துப் பற்றவைத்து மறுபடி துளையிட வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும் ஒரே நேர்கோட்டில். நல்ல பட்டறைக்காரர் இல்லாமல் அதில் இறங்காதீர்கள்.

பூட்டு பின்களைப் பாருங்கள். அளவெடுத்துச் செய்த எஃகு பின்னுக்குப் பதிலாக ஆணியோ, அறுத்த கம்பியோ, நீளம் போதாத போல்ட்டோ செருகியிருக்கும். என்னுடையதில் ஒரு ஸ்க்ரூடிரைவரின் தண்டு இருந்தது. பின்னை மாற்றுவது பெரிய விஷயமல்ல. ஆனால் அதைச் செய்தவர் வேறெங்கும் அப்படிச் செய்திருக்க மாட்டார் என்று நம்ப முடியாது. ஒவ்வொரு பின்னுக்கும் அது கழன்று விழாமல் காக்கும் கிளிப் இருக்க வேண்டும்.

பற்றவைப்புகள். காரை நோக்கி நீளும் இழுவைத் தண்டு சட்டகத்தோடு சேருமிடம், கீல் தட்டுகளின் ஓரம், ஸ்பிரிங் தொங்கும் கொண்டிகள், முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவ்வியின் அடி, விரிசல் பிறப்பது இந்த நாலு இடங்களில்தான். பெயின்டின் மேல் தலைமுடி அளவுக்குத் துருக்கோடு ஓடினால் அதன் அடியில் விரிசல் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். புது பெயின்ட் என்றால் இதெல்லாம் மூடிப்போயிருக்கும். பத்து வருட டிரெய்லர் துருவும் கீறலுமாக வெளிப்படையாக நின்றால் எனக்கு அதன் மேல் மரியாதை. நேற்று பெயின்ட் அடித்ததைப் பார்த்தால் எதை மறைத்தார்கள் என்ற கேள்விதான் வருகிறது.

குழாய்ச் சட்டகம் உள்ளேயிருந்து துருப்பிடிக்கும். திறந்த முனைகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். நிமிர்த்தி நிறுத்தும்போது தரையைத் தொடும் முனையில் தண்ணீர் தேங்கும், முதலில் அரிப்பது அங்கேதான். சுத்தியலின் கைப்பிடியால் தட்டினால் நல்ல குழாய் கணீரென்று ஒலிக்கும். அரித்த குழாய் மந்தமாகச் சத்தம் தரும். அங்கேயே இருக்கும் சின்ன உருளைச் சக்கரங்களையும் சுழற்றிப் பாருங்கள். டிரெய்லரின் முழு எடையும் நிமிர்ந்து நிற்கும்போது அவற்றின் மேல்தான்.

4. டயர், பேரிங், ஆக்சில்

மடக்கு டிரெய்லர்களுக்குப் பெரும்பாலும் 8, 10 அல்லது 12 அங்குலச் சின்னச் சக்கரங்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் காரின் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 670 சுற்று சுற்றினால், 8 அங்குல ரிம் உள்ள டிரெய்லர் சக்கரம் ஆயிரத்தைத் தாண்டிச் சுற்றும். அதனால்தான் இவற்றின் பேரிங்குகள் சூட்டில் சாகின்றன.

டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் ஒரு வரிசை இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் வருடமும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். வெளிப்பக்கம் இல்லாவிட்டால் உள்பக்கம் குனிந்து பாருங்கள், ஒரு பக்கத்தில் மட்டும்தான் முழு எண் இருக்கும். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்று நின்றே சாகிறது. ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் புது டயர் செலவைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இந்த அளவுச் சக்கரம் நள்ளிரவில் எந்தக் கடையிலும் கிடைக்காது.

பேரிங் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கட்டை வைத்து, சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். மிக மெல்லிய அசைவு பரவாயில்லை. ஆட்டம் கைக்குத் தெளிவாகத் தெரிந்தால் பேரிங் தளர்ந்திருக்கிறது. பிறகு கையால் வேகமாகச் சுழற்றி, மற்றொரு கையை ஸ்பிரிங் மேல் வையுங்கள். மணல் அரைபடுவது மாதிரி அதிர்வு வந்தால் பேரிங் முடிந்தது. ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தால், அது வெளியே வராமல் தடுக்கும் சீல் போய்விட்டது. நான் இந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்கவில்லை.

ஆக்சில் இரண்டு வகை. பட்டை ஸ்பிரிங் என்றால் பட்டைகளில் விரிசல், கொண்டிகளில் தேய்மானம் பார்த்தால் போதும். எல்லாமே தனித்தனியாக மாற்றக்கூடியவை. ரப்பர் முறுக்கு ஆக்சில் என்றால் கவனம் வேண்டும். அதில் சதுரக் குழாய்க்குள் ரப்பர் தண்டுகள் இறுக்கி வைக்கப்பட்டிருக்கும், ஸ்பிரிங் வேலையை அவைதான் செய்கின்றன. ரப்பர் செத்துவிட்டால் பழுதுபார்க்க முடியாது, ஆக்சிலையே மாற்ற வேண்டும். காலி டிரெய்லரில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரு பக்க இரும்புக் கைகளும் ஒரே கோணத்தில் இருக்கின்றனவா என்று பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால், அல்லது நீங்கள் ஏறி நின்று குதித்தும் துளிகூட அசையாவிட்டால், அது செத்த ஆக்சில். விலையில் பெரும் பகுதியைக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கிளம்பிவிடுங்கள்.

5. கப்ளரும் பந்தும்

சின்னப் பகுதிதான், ஆனால் இங்கே வரும் தவறு உயிரோடு விளையாடும். காரின் கொக்கியில் இருக்கும் உருண்டைதான் பந்து, அதன் மேல் கவிழ்ந்து பூட்டும் டிரெய்லரின் முன்முனைதான் கப்ளர். இழுக்கும் பந்துகளின் அளவு பல: 1⅞ அங்குலம் என்பது 47.6 மி.மீ., 2 அங்குலம் என்பது 50.8 மி.மீ., ஐரோப்பிய அளவு 50 மி.மீ. 2 அங்குலக் கப்ளர் 1⅞ அங்குலப் பந்தின் மேல் அழகாக உட்காரும், தாழ்ப்பாளும் மூடும். முதல் பெரிய பள்ளத்தில் கழன்றுவிடும். கப்ளரின் மேல் கொத்தியிருக்கும் எண்ணும், பந்தின் தலையில் கொத்தியிருக்கும் எண்ணும் ஒன்றா என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். மாட்டி மூடிய பிறகு இழுவைத் தண்டைப் பிடித்து மேல்நோக்கித் தூக்குங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழ வேண்டும். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டும் தண்டுக்கு அடியில் குறுக்காகப் போக வேண்டும். தண்டு கழன்றால் தரையில் குத்தாமல் அந்தக் குறுக்கு தாங்கும்.

6. விளக்குகள்

மடக்கு டிரெய்லரின் ஒயர்கள் கீலைக் கடந்து போகின்றன. மடக்கும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் மடிகின்றன. ஒயர் அறுவது அங்கேதான், அதுவும் மேலுறைக்குள் கண்ணுக்குத் தெரியாமல். விளக்குகளை எரியவிட்டு, கீலுக்குப் பக்கத்தில் ஒயரை வளைத்து வளைத்துப் பாருங்கள். மினுக்கினால் அறுந்துகொண்டிருக்கிறது.

இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மங்கலாகத் துடிக்கிறதா? பத்தில் ஒன்பது முறை எர்த் கோளாறு. வெள்ளை ஒயர் சட்டகத்தோடு சேரும் திருகைக் கழற்றி, இரும்பு தெரியும்வரை தேய்த்து மாட்டினால் தீரும். தட்டையான நான்கு முள் இணைப்பில் வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. ஐரோப்பிய ஏழு முள் இணைப்பிலும் வெள்ளை எர்த், மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது இண்டிகேட்டர்தான். ஆனால் முள் வேறு. உங்கள் காரின் இணைப்பு எது என்று பார்த்துவிட்டுப் போங்கள். ஒயர் கோளாறை மட்டும் வைத்து ஒரு டிரெய்லரை நிராகரிக்க வேண்டாம். ஒரு மதிய நேர வேலை.

7. விலை

பார்த்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் உங்கள் ஊர்ச் செலவைப் போட்டுக் கூட்டுங்கள். டயர் இரண்டு, ஸ்டெப்னி, பேரிங்கும் சீலும் இரு பக்கத்துக்கும், பைக்கைக் கட்டும் பட்டைகள், பதிவு மாற்றக் கட்டணம். பழுதே இல்லாததுபோலத் தெரியும் டிரெய்லருக்கும் வாங்கும் விலையில் கால் பங்கைத் தனியாக எடுத்து வைப்பேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் பேரம் சண்டையாகாது. தாளைக் காட்டினால் போதும், பெரும்பாலானவர்கள் தாங்களாகவே இறங்கி வருவார்கள். பைக் பருவம் முடிந்த பிறகு வாங்குங்கள். இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் டிரெய்லரை விற்கத்தான் எல்லோரும் அப்போது நினைப்பார்கள்.

வாங்கிய அன்றே அதை நெடுந்தூரம் இழுத்துவர வேண்டாம். முடிந்தால் லாரியில் ஏற்றி வாருங்கள். முடியாவிட்டால் காலியாக, மெதுவாக, 15 கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, சக்கரத்தின் நடுவில் பேரிங் உட்காரும் ஹப்பின் மூடியை விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வாருங்கள். வெதுவெதுப்பு சரி. கையை வைக்க முடியாத சூடு என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

8. முதல் வாரம்: பேரிங்கை நீங்களே திறங்கள்

“போன வருஷம்தான் கிரீஸ் வைச்சேன்” என்று விற்பவர் சொல்லியிருப்பார். என்னிடமும் சொன்னார். எதையும் நம்பாமல் இரண்டு ஹப்பையும் திறந்துவிடுங்கள். முதல் தடவை ஒரு பக்கத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகும், பழகினால் நாற்பது நிமிடம்.

சக்கரத்தைக் கழற்றி, ஹப்பின் மூடியைத் தட்டி எடுங்கள். நட்டு கழலாமல் பூட்டும் காட்டர் பின்னை நிமிர்த்தி உருவி, நட்டைக் கழற்றினால் ஹப் வெளியே வரும். பின்பக்கச் சீலை நெம்பி எடுத்துத் தூக்கிப் போடுங்கள், பழைய சீலை மறுபடி மாட்டக் கூடாது. பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவி, முழுக்க உலரவிட்டு, வெளிச்சத்தில் உருளைகளைப் பாருங்கள். நீல நிறம், புள்ளிக் குழி, கோடு, இவற்றில் எது இருந்தாலும் புதுசுதான். பேரிங்கை மாற்றினால் அது உருளும் வெளிக் கிண்ணத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புது உருளையும் பழைய கிண்ணமும் ஒத்துப்போகாது.

சக்கர பேரிங்குக்கான கிரீஸை உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் அகலமான விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் கிரீஸ் பிதுங்கி வரும்வரை நிரப்புங்கள். மேலே பூசினால் போதாது. பழைய கிரீஸோடு வேறு வகைக் கிரீஸைக் கலக்காதீர்கள், சில கலவைகள் நீர்த்து ஓடிவிடும்.

மாட்டும்போதுதான் பலர் கெடுக்கிறார்கள். ஹப்பைச் சுழற்றிக்கொண்டே நட்டை ஸ்பேனரால் இறுக்குங்கள், பேரிங் இருக்கையில் நன்றாக உட்காரட்டும். பிறகு ஹப்பைத் திருப்பாமல் நட்டை முழுதாகத் தளர்த்துங்கள். இப்போது விரலால் மட்டும் இறுக்கி, காட்டர் பின்னைப் போடுங்கள். ஓட்டை நேராக வராவிட்டால் தளர்த்தும் பக்கமாகத்தான் அடுத்த ஓட்டைக்குப் போக வேண்டும், இறுக்கும் பக்கமாக அல்ல. ஆட்டம் இருக்கக் கூடாதென்று ஸ்பேனரால் இறுக்கி விட்டால் அதுவே பேரிங்கை எரிக்கும். என்னுடையதில் நடந்ததும் அதுதான் என்று பிறகு பட்டறைக்காரர் சொன்னார். சில டிரெய்லர்களில் மூடிய வகை பேரிங் இருக்கும். அதற்குக் கிரீஸ் வேலை கிடையாது, சத்தம் வந்தால் முழுசாக மாற்றுவதுதான். அதன் நட்டும் ஒருமுறைக்கு மட்டுமே.

இந்த வேலை வருடத்துக்கு ஒருமுறை. எவ்வளவு குறைவாக ஓடினாலும் சரி. தண்ணீரில் சக்கரம் மூழ்கியிருந்தால் வருடம் காத்திருக்க வேண்டாம்.

கீல்களுக்கு கிரீஸ் நிப்பிள் இருந்தால் கிரீஸ் அடியுங்கள், இல்லாவிட்டால் போல்ட்டை உருவித் துடைத்துப் பூசி மாட்டுங்கள். தானாகத் தளராத நைலான் நட்டுகளை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள்.

9. பைக்கை எங்கே நிறுத்துவது

டிரெய்லர் நேராகப் போக, மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அழுத்த வேண்டும். அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் 10 முதல் 15 சதவீதம் என்பார்கள். ஐரோப்பாவில் அதைவிடக் குறைவாகவே வைப்பார்கள். காரின் கொக்கி வரம்பை மட்டும் எப்போதும் தாண்டக் கூடாது. கொக்கியின் மேல் விழும் இந்த முன்பாரம் குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும்.

கணக்கு சுலபம். டிரெய்லர் 150 கிலோ, பைக் 200 கிலோ, மொத்தம் 350. கொக்கிக்கு 35 கிலோ. பைக்கைக் கட்டிய பிறகு, குளியலறைத் தராசின் மேல் மரக்கட்டை வைத்து, கொக்கி உயரத்தில் கப்ளரை அதன் மேல் இறக்கி எடை பாருங்கள். கொக்கியிலிருந்து ஆக்சில் 2.5 மீட்டர் என்றால், பைக்கை 10 செ.மீ. முன்னே தள்ளினால் கொக்கியின் மேல் 8 கிலோ கூடும். முன்சக்கரக் கவ்வியின் இடத்தை அதற்கேற்ப மாற்றி, சரியான இடம் கிடைத்ததும் பெயின்டால் கோடு போட்டுவிடுங்கள்.

ஏற்றுவதற்கு முன் டிரெய்லரைக் காரில் மாட்டியிருக்க வேண்டும். தனியாக நிற்கும் டிரெய்லரின் பின்முனையில் பைக்கை ஏற்றினால் முன்முனை வானத்தைப் பார்க்கும்.

கட்டுவதற்கு, நெம்பி நெம்பி இறுக்கும் ராட்சட் பட்டைகள் நான்கு. பட்டையின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் அறுந்துபோகும் எடை. பாதுகாப்பாகத் தாங்கும் வேலை எடை அதில் மூன்றில் ஒரு பங்குதான், சின்ன எழுத்தில் இருக்கும். முன் பட்டைகளைக் கைப்பிடியில் கட்டாமல் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கீழ்த்தட்டில் மென்மையான வளையம் போட்டுக் கட்டுங்கள். ஃபோர்க் பாதி அளவுக்கு அமுங்கினால் போதும். முழுக்க அமுக்கினால் சீல் கெடும், குறைவாக அமுக்கினால் பள்ளத்தில் பட்டையின் கொக்கி கழலும். பின் பட்டைகள் பின்பக்கம் வழுக்காமல் பிடிக்கத்தான். பக்கவாட்டு ஸ்டாண்டை மடக்கிவிடுங்கள், பைக் இரண்டு சக்கரத்திலும் நேராக நிற்க வேண்டும். மீந்த பட்டை நுனியை முடிச்சுப் போடுங்கள். காற்றில் படபடத்து பெட்ரோல் டாங்கின் பெயின்டை உரித்துவிடும்.

10. முதல் ஓட்டம்

கிளம்பி 15 கிலோமீட்டரில் ஒருமுறை, 40இல் ஒருமுறை, 80இல் ஒருமுறை நிறுத்துங்கள். சக்கர நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக இறுக்குங்கள், ஹப் சூடு பாருங்கள், பட்டைகளை ஒரு பல் இறுக்குங்கள், கீல் பின்களின் கிளிப்பைத் தொட்டுப் பாருங்கள். டயர் காற்று, பக்கவாட்டில் எழுதியிருக்கும் உச்ச அழுத்தத்துக்கு, குளிர்ந்த நிலையில். டிரெய்லர் இழுக்கும்போது உங்கள் சாலைகளில் வேக வரம்பு குறைவா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பல டிரெய்லர் டயர்களுக்கே தனி வேக எல்லை உண்டு.

வால் ஆட்டம் தொடங்கினால் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பாதீர்கள். நேராகப் பிடித்து ஆக்சிலரேட்டரை விட்டுவிடுங்கள், வேகம் குறையக் குறைய அடங்கும். பிறகு நிறுத்தி முன்பாரத்தைச் சரிசெய்யுங்கள்.

பின்னால் எடுப்பது தனி வித்தை. குட்டையான டிரெய்லர் கண்மூடித் திறப்பதற்குள் மடிந்துகொள்ளும். காலியாக இருந்தால் கண்ணாடியில் தெரியவே தெரியாது. இரு மூலைகளிலும் குச்சி நட்டு சிவப்புத் துணி கட்டினேன், பார்க்க நன்றாக இல்லை, ஆனால் வேலை செய்கிறது.

11. மடக்கி நிறுத்துதல்

மடக்கிய நிலையில் இழுத்துப் போகலாம் என்று கையேடு சொன்னால் தவிர இழுக்காதீர்கள். பல டிரெய்லர்களில் மடக்கு நிலை நிறுத்தி வைக்க மட்டும்தான்.

ஓடிவந்த உடனே மடக்கி நிமிர்த்த வேண்டாம், சட்டகத்தில் தேங்கிய தண்ணீர் வடியட்டும். நிமிர்த்திய பிறகு சுவரில் வளையம் அடித்துச் சங்கிலியால் கட்டுங்கள். உருளைச் சக்கரங்களில் நிற்கும் நூறு, நூற்றைம்பது கிலோ இரும்பு அது. குழந்தை பிடித்து இழுத்தால் சாய்ந்து விழும். தரை சரிவாக இருந்தால் உருளைகளுக்கு முட்டுக்கட்டை. பட்டைகளை வெயில் படாமல் உள்ளே வையுங்கள், நிறம் வெளுத்த பட்டையை வெட்டியே குப்பையில் போடுங்கள், இல்லாவிட்டால் அவசரத்தில் அதையே எடுப்பீர்கள்.

கழற்றிய பின்கள், கிளிப்புகள், மாற்று பேரிங் ஒரு ஜோடி, சீல், சின்ன டின் கிரீஸ், சரியான அளவு ஸ்பேனர், இவையெல்லாம் ஒரு டப்பாவில். அந்த டப்பாவை டிரெய்லரோடு வையுங்கள், காரில் அல்ல. காரை மாற்றுவீர்கள், வேறு யாராவது எடுத்துப் போவார்கள். என்னுடைய டப்பாவின் மூடிக்குள் கடைசியாக கிரீஸ் வைத்த தேதியைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். விற்கும்போது அந்த மூடியைக் கழற்றிக் காட்டுவேன்.